எல்லாம் தெரிஞ்சும் ஏன் நிக்கல? – வெளிப்படைத்தன்மையின் கதை

1/
காலை ஏழரை மணி. நைட் டூட்டி முடியுற நேரம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு அரசு மருத்துவமனையில் வார்டு வாசல்ல ஒரு போர்டு உண்டு. இங்கே எல்லாச் சேவையும் இலவசம், யாராவது லஞ்சம் கேட்டால் புகார் செய்யுங்கள்னு எழுதி, கீழே லஞ்ச ஒழிப்புத் துறையோட போன் நம்பர். அந்த போர்டுக்கு நேர் கீழே நின்னு, நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போக 200 ரூபாய் வாங்கிட்டு இருந்தார் ஒரு ஊழியர். கொடுத்தது ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருத்தர்.

2/
என்னைப் பார்த்ததும் ஊழியர் நகர்ந்துட்டார். நான் அந்த அம்மாகிட்ட, "ஏம்மா காசு குடுத்தீங்க? அதான் போர்டுலயே போட்டிருக்கே, ஒரு போன் பண்ணிருக்கலாம்ல?"னு கேட்டேன்.

"படிச்சேன் சாமி. நீங்க எட்டு மணிக்கு வீட்டுக்குப் போயிருவீங்க. எங்க வீட்டுக்காரரு இன்னும் பத்து நாளு இங்கதான படுத்துக் கெடக்கணும்?"

எனக்குப் பதில் வரல. இன்னொண்ணும் சொல்லிடறேன். நானும் அன்னைக்குப் போன் பண்ணல.

3/
அங்கே எதுவுமே மறைவா நடக்கல. விதி என்னன்னு தெரியும், வாங்குறவர் யாருன்னு தெரியும், புகார் நம்பரும் தெரியும். பகல் வெளிச்சத்துல, சாட்சியோட நடந்தது. "எல்லாத்தையும் வெளிப்படையா வெச்சா ஊழல் ஒழிஞ்சிடும்"னு நாம சொல்றது உண்மைன்னா அந்த 200 ரூபாய் கை மாறியிருக்கவே கூடாது.

ஏன் மாறுச்சு? அதைப் புரிஞ்சுக்க கொஞ்சம் வரலாறு பார்க்கலாம். நீளமான இழை. பொறுமையா படிங்க.

4/
நம்ம கையில இருக்குற பழைய சான்றுகள்ல இருந்தே தொடங்கலாம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சதுதான். ஆனா பாடப்புத்தகத்துல "ஜனநாயகம்"ங்கிற வார்த்தையோட நிறுத்திடுவாங்க. அந்த விதிகளைக் கவனிச்சுப் படிச்சா, பாதிக்கு மேல ஊழலைத் தடுக்குறதுக்காக எழுதினதுன்னு புரியும்.

5/
வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமில்ல, அவரோட நெருங்கின உறவுக்காரங்களும் நிற்க முடியாது. எந்தெந்த உறவுன்னு கல்வெட்டு வரிசையா சொல்லுது. அடுத்தவன் பொருளைத் திருடினவருக்கு இடமில்ல. கடந்த மூணு வருஷத்துக்குள்ள வாரியத்துல இருந்தவருக்கும் இடமில்ல. ஒரே ஆள் நாற்காலியில ஒட்டிக்கக் கூடாதுங்கிறது அவங்களுக்கு 1,100 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.

6/
அடுத்து அந்தச் சீட்டு எடுக்குற முறை. பெயர் எழுதின ஓலைகளைக் குடத்துல போட்டுக் கலக்குவாங்க. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலையை எடுப்பான். வாங்குறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையிலதான் வாங்கணும், விரலிடுக்குல வேற ஓலை இல்லைன்னு எல்லாருக்கும் தெரியுறதுக்காக. பெயரை அவர் சத்தமா வாசிப்பார். அங்கே இருக்குற மத்த பெரியவங்களும் வாசிப்பாங்க.

இதுல ரெண்டு விஷயம் சேர்ந்து இருக்கு. குடத்துக்குள்ள எந்தப் பெயர் கைக்கு வரும்னு யாருக்கும் தெரியாது, அது இருட்டு. ஓலை வெளியே வந்ததும் எல்லாருக்கும் தெரியணும், அது வெளிச்சம். எங்கே எது வேணும்னு யோசிச்சு வெச்சிருக்காங்க. இந்த இருட்டு–வெளிச்சக் கணக்கை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசி வரைக்கும் இதுதான் வரப்போகுது.

7/
பெருமையோட நிறுத்திடக் கூடாது. அந்தச் சபை பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு இருக்குற ஆண்களுக்குத்தான் இடம். அந்த நிலத்துல உழுதவங்களுக்கோ பெண்களுக்கோ அந்தக் கணக்கைக் கேட்க வழியே இல்ல. வெளிச்சம் இருந்தது, கோயில் மண்டபத்துக்குள்ள மட்டும். யாருக்கு முன்னாடி கணக்குக் காட்டுறோம்ங்கிற கேள்வி அப்பவே இருந்திருக்கு.

8/
அரசாங்க ஆவணத்தைப் பார்க்குறது குடிமக்களோட உரிமைன்னு உலகத்துல முதல்ல சட்டம் போட்டது ஸ்வீடன், 1766ல. நம்ம ஊர்ல அதுக்கு நேர் எதிர். வெள்ளைக்காரன் 1889ல அலுவல் ரகசியச் சட்டம் கொண்டு வந்தான், 1923ல அதைப் புதுசா எழுதினான். சுதந்திரம் வந்தும் அந்த 1923 சட்டத்தை நாம கைவிடல. கோப்பு அரசாங்கத்தோட சொத்து, ஜனங்க வெளியே வரிசையில நிக்கணும். இந்தப் பழக்கம் அப்படித்தான் நம்ம அலுவலகங்கள்ல ஊறிப்போச்சு.

9/
1962ல் மத்திய அரசு சந்தானம் குழுவை அமைச்சது. தலைவர் கே.சந்தானம், நம்ம தமிழ்நாட்டுக்காரர். அதன் பரிந்துரைப்படி 1964ல மத்திய கண்காணிப்பு ஆணையம் வந்தது. அதே 1964லதான் நம்ம மாநிலத்துல ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் வந்தது. நாம பேச்சுவழக்குல லஞ்ச ஒழிப்புத் துறைங்கிறோமே, அதுதான். புகார் வாங்க ஆபீஸ் வந்தாச்சு. ஆனா கோப்புகள் மூடியேதான் இருந்தது.

10/
இப்ப என் துறைக்கு வர்றேன். 1990களின் தொடக்கத்துல தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கினதுல பெரிய முறைகேடு வெளியே வந்தது. வெளிச் சந்தையை விடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியிருந்தாங்க. வாங்கின மருந்தோட தரத்துக்கும் உத்தரவாதம் இல்ல. ஒரு பக்கம் தேவையில்லாத மருந்து குவிஞ்சு காலாவதியாகும், இன்னொரு பக்கம் அவசரத்துக்கு ஆன்டிபயாட்டிக் இருக்காது. அந்தக் காலத்துல பயிற்சி டாக்டரா இருந்த சீனியர்கள் இன்னைக்கும் சொல்லுவாங்க, வெளியே வாங்கிட்டு வரச் சொல்லிச் சீட்டு எழுதி எழுதிக் கை வலிச்ச கதையை.

11/
அதுக்கு அரசு கொடுத்த பதில்தான் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், டிஎன்எம்எஸ்சி. 1994 ஜூலையில தொடங்கி 1995 ஜனவரியில இருந்து மருந்து வாங்க ஆரம்பிச்சாங்க. முதல் நிர்வாக இயக்குநர் ஆர்.பூர்ணலிங்கம் ஐஏஎஸ். பின்னாடி கேரளா, ராஜஸ்தான்னு பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் இப்படிக் கழகங்களை உருவாக்கிக்கிட்டாங்க.

இது எப்படி வேலை செஞ்சதுன்னு பார்த்தா, பாதிதான் வெளிப்படைத்தன்மை.

12/
வெளிச்சம் போட்ட பக்கம்: எந்த மருந்து வாங்கலாம்னு இருநூற்றுச் சொச்சம் அத்தியாவசிய மருந்துகளோட ஒரு சுருக்கமான பட்டியல். திறந்த டெண்டர். முதல் கவர்ல தகுதி, இரண்டாவது கவர்ல விலை. தகுதியில தேறாதவரோட விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டாங்க. தயாரிக்கிற கம்பெனிதான் வரலாம், இடைத்தரகர் வர முடியாது. முடிவான விலை எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ஒதுக்கீடு, இன்னைக்கு இவ்வளவு எடுத்தீங்க, மீதி இவ்வளவு.

13/
இருட்டு போட்ட பக்கம்: வந்து இறங்குற ஒவ்வொரு பேட்ச்லயும் மாதிரி எடுப்பாங்க. கம்பெனி பேரை மறைச்சு, வெறும் குறியீட்டு எண்ணோட பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். யாரோட மருந்தைச் சோதிக்கிறோம்னு லேபுக்குத் தெரியாது. தன் மருந்து எந்த லேபுக்குப் போச்சுன்னு கம்பெனிக்குத் தெரியாது. அப்புறம் யாருக்கு யார் கவர் கொடுக்குறது?

மருத்துவ ஆராய்ச்சியில நாங்க எந்த மாத்திரை யாருக்குப் போகுதுன்னு ரெண்டு பக்கமும் தெரியாம வைக்கிறது இதே காரணத்துக்குத்தான்.

14/
மூணாவது, பல். தரத்துல தோத்தா அந்த பேட்ச் திரும்பிப் போகும். திரும்பத் திரும்பத் தோத்தா கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். "புகார் செய்யவும்" போர்டோட முடியல, தப்பு பண்ணினா அடுத்த டெண்டர் கிடையாது.

நீங்க அரசு மருத்துவமனையில வாங்குற பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்லன்னு அச்சடிச்சிருக்கும். அந்த மாத்திரை மெடிக்கல் ஷாப்புக்குப் போனா உடனே காட்டிக் கொடுத்துடும்.

15/
டிஎன்எம்எஸ்சி குறையே இல்லாத அமைப்புன்னு நான் சொல்ல வரல. மருந்துத் தட்டுப்பாடு வர்ற நாட்களை நானே பார்த்திருக்கேன். ஆனா முன்பு இருந்த நிலைமைக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அதோட எல்லையும் எனக்குத் தெரியும். மாத்திரைக்கு பேட்ச் நம்பர் போடலாம். ஸ்ட்ரெச்சர் தள்ளுற கைக்கோ, குழந்தையைக் கொண்டுவந்து காட்டுற சிரிப்புக்கோ போட முடியாது. பொருள் வாங்குறதுல இருக்குற ஊழலைத் தடுத்த அதே அரசாங்கத்தால வார்டு வாசல் 200 ரூபாயைத் தடுக்க முடியல.

16/
டிஎன்எம்எஸ்சி பிறந்த அதே 1994ல, ராஜஸ்தான்ல வேற ஒண்ணு நடந்துக்கிட்டு இருந்தது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் இவங்களோட சேர்ந்து கிராமத்து ஆட்கள் 1990ல தொடங்கினது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன். வறட்சி நிவாரண வேலைக்கு முழுக் கூலி வரலன்னு கேட்டா, "ரெஜிஸ்டர்ல கொடுத்ததா இருக்கே"ன்னு பதில். அப்ப அந்த ரெஜிஸ்டரைக் காட்டுன்னாங்க. அது ரகசியம்னாங்க.

17/
1994 டிசம்பர்ல கோட் கிரானா ஊர்ல முதல் மக்கள் விசாரணை. எப்படியோ கிடைச்ச அரசாங்கக் கணக்கை ஊருக்கு நடுவுல உட்கார்ந்து சத்தமா வாசிச்சாங்க. வேலைக்கே போகாதவங்க பேர்ல கூலி. நடக்காத வேலைக்கு பில். வாசிக்க வாசிக்க ஜனங்க எழுந்து நின்னு சாட்சி சொன்னாங்க.

1996ல பியாவர் நகரத்துல 40 நாள் தர்ணா. அங்கே இருந்து கிளம்பினதுதான் தகவல் உரிமை இயக்கம்.

18/
நம்ம மாநிலமும் பின்தங்கல. இந்தியாவுலயே முதல்ல தகவல் உரிமைச் சட்டம் போட்டது தமிழ்நாடுதான், 1997ல. ஆனா எதையெல்லாம் தர வேண்டாம்னு சொல்ற விதிவிலக்குப் பட்டியல் நீளமா இருந்ததால அந்தச் சட்டம் பெருசா பயன்படல. 1998ல டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் போட்டாங்க.

அப்புறம் நாடு முழுக்க 2005 அக்டோபர் 12ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள்ல பதில். தரலைன்னா அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 அபராதம்.

19/
இந்தச் சட்டத்தால ரேஷன் கார்டு கிடைச்சவங்க, பென்ஷன் வந்தவங்க எத்தனையோ பேர். அதைக் குறைச்சுப் பேச மாட்டேன்.

ஆனா வெளிச்சம் மேலே போகப் போக என்ன ஆச்சுன்னு பாருங்க. 2008 ஆகஸ்டுல தமிழ்நாடு அரசு ஓர் அரசாணை மூலமா லஞ்ச ஒழிப்புத் துறைக்கு இந்தச் சட்டத்துல இருந்து விலக்கு கொடுத்தது. ஊழல் குற்றச்சாட்டு பற்றின தகவலை மறுக்க முடியாதுன்னு சட்டத்துலயே ஒரு வரி இருக்கு. ஆனா அந்த வரியைக் காட்டி வாதாடி வாங்குறதுக்குள்ள ஒரு சாதாரண ஆள் ஓய்ஞ்சு போயிடுவார்.

20/
2019ல தகவல் ஆணையர்களோட பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கலாம்னு திருத்தம். 2023ல தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. "தனிப்பட்ட விவரமா இருந்தாலும் பொதுநலன் இருந்தா தரணும்"னு அந்தப் பிரிவுல இருந்த வாசகத்தை அது எடுத்துடுச்சு. பொதுநலனைக் காட்டிக் கேட்க வேற ஒரு பிரிவு இன்னும் இருக்குன்னு அரசு தரப்பு சொல்லுது. ஆனா தர மனசில்லாத அதிகாரிக்கு "இது தனிப்பட்ட விவரம்"னு எழுதி அனுப்புறது முன்னை விடச் சுலபம்.

ஜன்னலை மூடல. கொஞ்சம் கொஞ்சமா திரை போடுறாங்க.

21/
தானே முன்வந்து வெளிச்சத்துல நின்ன ஒரு மனுஷனையும் பார்ப்போம். உ.சகாயம் ஐஏஎஸ். 2009ல நாமக்கல் கலெக்டரா இருந்தப்ப தன் சொத்து விவரத்தை மாவட்ட இணையதளத்துலயே போட்டார். பேங்க்ல 7,172 ரூபாய், மதுரையில 9 லட்சம் மதிப்புள்ள ஒரு வீடு. ஐஏஎஸ் அதிகாரி இப்படிச் செஞ்சது தமிழ்நாட்டுல அதுதான் முதல் தடவை. பேப்பர்ல எல்லாம் வந்தது, எல்லாரும் கைதட்டினோம்.

அதைப் பார்த்து எத்தனை பேர் வரிசையில நின்னாங்க? மறைக்க எதுவும் இல்லாதவர்தான் தானா திறந்து காட்டுவார். மத்தவங்களைத் திறக்க வைக்கிறதுக்கு கைதட்டல் போதாது.

22/
அவரே பிறகு மதுரை கலெக்டர். நத்தம் தாண்டினா மேலூர், நம்ம பக்கத்து ஊர்தான். அங்கே கிரானைட் குவாரி முறைகேட்டால அரசுக்கு 16,000 கோடிக்கு மேல இழப்புன்னு 2012ல அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அந்த வருஷமே கோ-ஆப்டெக்ஸுக்கு மாற்றம். அறிக்கை பத்திரிகையில வந்த பிறகுதான் ஊரே பேசுச்சு. 2014ல உயர் நீதிமன்றமே அவரை விசாரணைக்கு நியமிச்சது. பணிக்காலத்துல 20க்கு மேல இடமாற்றம். கடைசியில விருப்ப ஓய்வு.

தன் மேல வெளிச்சம் போட்டுக்கிட்ட மனுஷனுக்கு ஒதுங்க ஒரு நிழல் இல்ல.

23/
இதைவிடக் கொடுமையான கதை சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்துல இன்ஜினியர். ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பேரை ரகசியமா வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். அந்தக் கடிதம் அவர் பேரோடயே அலுவலகம் அலுவலகமா சுத்துச்சு. 2003 நவம்பர் 27, கயாவுல சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் சாவுக்குப் பிறகு எழுந்த கோரிக்கையில பிறந்தது ஊழலை வெளிப்படுத்துறவங்க பாதுகாப்புச் சட்டம், 2014. நாடாளுமன்றம் நிறைவேத்துச்சு, ஜனாதிபதி கையெழுத்தும் ஆச்சு. நடைமுறைக்கு மட்டும் வரல.

24/
சரி, கணக்கை ஊர்க் கூட்டத்துல வாசிச்சாப் போதுமா? ஆந்திராவுல நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அரசே பெரிய அளவுல சமூகத் தணிக்கை நடத்துச்சு. அதை ஆராய்ஞ்சவங்க ரெண்டு விஷயம் கண்டாங்க. தணிக்கை தப்பை நல்லாக் கண்டுபிடிக்குது. ஆனா பிடிபட்டவங்களுக்குத் தண்டனை சரியா கிடைக்காததால தப்பு குறையல, கண்டுபிடிக்கக் கஷ்டமான வடிவத்துக்கு மாறிடுச்சு. கூலிக் கணக்குல கை வைக்கிறதுக்குப் பதிலா பொருள் வாங்குற கணக்குல.

எங்க பாஷையில இது ஆன்டிபயாட்டிக்கைப் பாதி டோஸ் கொடுக்குற கதை. கிருமி சாகாது, மருந்தைத் தாங்கப் பழகிக்கும்.

25/
இந்தோனேசியாவுல 600க்கு மேற்பட்ட கிராமங்கள்ல பெஞ்சமின் ஓல்கன்ங்கிற பொருளாதார அறிஞர் சோதனையே நடத்திப் பார்த்தார். கிராமத்துச் சாலை வேலை. சில ஊர்ல "கண்டிப்பா அரசுத் தணிக்கை வரும்"னு முன்கூட்டியே சொன்னாங்க. சில ஊர்ல மக்களைக் கூட்டத்துக்கு அதிகமா வரவெச்சாங்க. தணிக்கை வரும்னு சொன்ன ஊர்ல காணாமப் போற பணம் 8 சதவீதப் புள்ளி குறைஞ்சது. கூட்டம் சேர்த்த ஊர்ல மொத்தத்துல பெரிய மாற்றம் இல்ல.

சுவாரசியம் என்னன்னா, தணிக்கை வந்த ஊர்கள்ல தலைவர்களோட சொந்தக்காரங்களுக்கு வேலை கிடைக்கிறது கூடிடுச்சு. ஒரு பக்கம் அடைச்சா இன்னொரு பக்கம் கசியும்.

26/
இப்ப திண்டுக்கல். 2023 டிசம்பர் 1. மதுரை அமலாக்கத் துறை அலுவலகத்து அதிகாரி ஒருத்தரை, ஓர் அரசு மருத்துவர்கிட்ட 20 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கினார்னு நம்ம ஊர்ல வெச்சு லஞ்ச ஒழிப்புத் துறை கைது செஞ்சது. நாடு முழுக்கச் செய்தி. 2024 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் கொடுத்தது. நீதிமன்றம் தீர்ப்பு சொல்ற வரைக்கும் அது குற்றச்சாட்டுதான். அதனால யார் சரி, யார் தப்புங்கிறதுக்குள்ள நான் போகல.

நான் கவனிச்சது வேற. இது ஆர்டிஐ மனுவால வெளியே வரல, இணையதளத்தால வரல. ஒரு ஆள் போய்ப் புகார் கொடுத்ததால வந்தது.

27/
பொறி வைக்கிறது எப்படின்னு தெரியுமா? புகார்தாரர் கொண்டுபோற நோட்டுல பீனால்ப்தலீன் பொடியைத் தடவுவாங்க. பணத்தைத் தொட்ட கையை சோடியம் கார்பனேட் கரைசல்ல முக்கினா தண்ணி ரோஸ் கலர் ஆகும். இந்த பீனால்ப்தலீன் ஒரு காலத்துல மருந்துக் கடையில விற்ற பேதி மாத்திரை. பக்க விளைவுக்குப் பயந்து மருந்தா கைவிட்டாச்சு, போலீஸ் வேலையில மட்டும் இன்னும் இருக்கு.

ஆனா அந்த ரோஸ் தண்ணிக்கு முன்னாடி ஒரு மனுஷன் துணிஞ்சு போய் உட்காரணும். அப்புறம் பல வருஷம் கோர்ட்டுக்கு அலையணும்.

28/
அது எவ்வளவு கஷ்டம்னு சட்டத்துக்கே தெரியும். புகார்தாரர் இறந்து போனாலோ பிறழ்சாட்சி ஆனாலோ கூட, மத்த ஆதாரங்களை வெச்சு லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம்னு 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்ல வேண்டி வந்தது. பிறழ்சாட்சி அவ்வளவு சகஜம்.

இன்னொண்ணு, 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுக்குறதும் குற்றம். கட்டாயத்தால கொடுத்திருந்தா 7 நாளைக்குள்ள புகார் சொன்னாத்தான் தப்பிக்கலாம்.

29/
7 நாள். அந்த ஒட்டன்சத்திரம் அம்மாவோட வீட்டுக்காரர் 10 நாள் படுத்திருக்கணும். அதாவது வார்டுல இருக்கும்போதே, அதே ஆட்களோட தயவுல இருக்கும்போதே புகார் சொல்லணும். வெளியே வந்து சொன்னா, சட்டப்படி அவங்களும் குற்றவாளி. இந்தக் கணக்கைப் போட்டவங்க யாரும் ஜெனரல் வார்டுல தரையில பாய் விரிச்சுப் படுத்தவங்களா இருக்க மாட்டாங்க.

30/
இப்ப எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க. உத்திரமேரூர் குடத்துலயும் டிஎன்எம்எஸ்சி பரிசோதனையிலயும் வெளிச்சம் பணத்து மேலயும் பதவி மேலயும் விழுந்தது. இருட்டு, கெட்ட எண்ணத்தோட வர்றவன் கண்ணைக் கட்டுறதுக்குப் பயன்பட்டது. கணக்குத் தப்பினா தண்டனையும் கூடவே இருந்தது.

நம்ம வார்டு வாசல்ல இது தலைகீழ். புகார் சொல்றவங்க மேல டார்ச் அடிக்கிறோம். பேர், ஊர், பெட் நம்பர் எல்லாம் தெரியும். விசாரிக்கிற துறைக்குத் திரை போட்டிருக்கோம். போர்டு மட்டும் பளிச்சுனு இருக்கு.

31/
வேற வழி இருக்கா? இருக்கு. பாகிஸ்தான் பஞ்சாப்ல ஜங் மாவட்டம், 2008. அங்கே மாவட்ட அதிகாரியா இருந்த ஜுபைர் பட்டி ஒரு சின்ன வேலை பண்ணினார். நிலப் பதிவுக்கு வர்றவங்க போன் நம்பரைப் பட்டியல் போட்டு அனுப்பச் சொன்னார். அதுல இருந்து அவரே யாருக்காவது போன் போட்டு, "வேலை முடிஞ்சுதா? எவ்வளவு கேட்டாங்க?"ன்னு விசாரிச்சார்.

மக்கள் யாரும் புகார் கொடுக்கத் தேவையில்ல. வேலை முடிஞ்ச பிறகுதான் போன் வரும். யாருக்குப் போன் போகும்னு கீழே இருக்குற ஊழியருக்குத் தெரியாது. பின்னாடி அது அந்த மாகாணம் முழுக்கப் போச்சு.

32/
இதையே நம்ம மருத்துவமனையில யோசிச்சுப் பாருங்க. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பத்து நாள் கழிச்சு, அந்த மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்துல இருந்து போன். பேரை எழுத வேண்டாம். எந்த வார்டு, எந்த ஷிப்ட், எவ்வளவு, அது மட்டும் போதும். ஒரே வார்டு, ஒரே ஷிப்ட் திரும்பத் திரும்ப வந்தா யாரும் புகார் கொடுக்காமலே படம் தெரிஞ்சிடும். நோய்ப் பரவலை நாங்க இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம். வந்த பிறகு நடவடிக்கை எடுக்கணும், அது தனிக் கதை. ஆனா முதல் படி இதுதான்.

33/
கீழ்மட்ட ஊழியரை மட்டும் வில்லனாக்க இதை எழுதல. அவுட்சோர்சிங்ல சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்குறவர் வாங்குற 200 கண்ணுக்குத் தெரியும். குளுகுளு அறையில கை மாறுறதுக்கு போர்டும் இல்ல, சாட்சியும் இல்ல. ரெண்டும் ஒரே எடை இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த அம்மாவுக்கு 200 ரூபாய்ங்கிறது ஒரு நாள் கூலியில பெரும்பகுதி.

34/
என் கேள்விக்கு வர்றேன். நான் ஏன் போன் பண்ணல? அடுத்த நாள் நைட் அதே ஊழியரோடதான் எனக்கு டூட்டி. சீரியஸ் கேஸ் வந்தா ஸ்ட்ரெச்சர் தள்ள அவர்தான் வரணும். சாயங்காலத்துக்குள்ள யார் சொன்னதுன்னு தெரிஞ்சிடும். எம்பிபிஎஸ் படிச்சு, அரசாங்கச் சம்பளம் வாங்குற எனக்கே இந்தப் பயம்னா, அந்த அம்மாகிட்ட "ஒரு போன் பண்ணிருக்கலாம்ல"னு கேட்டது எவ்வளவு சுலபமான பேச்சு!

35/
வெளிப்படைத்தன்மை வேண்டாம்னு சொல்லல. எக்ஸ்ரே இல்லாம எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்க முடியாது. ஆனா எக்ஸ்ரே எடுத்துச் சுவத்துல மாட்டிட்டு, "பாருங்க, முறிஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டே இருந்தா எலும்பு கூடாது. மாவுக்கட்டு போட ஒரு கை வேணும். கட்டு போட்ட கையை யாரும் முறுக்காம பார்த்துக்கவும் வேணும்.

அடுத்த தடவை யாராவது "எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டாச்சு, இனி ஊழல் இல்ல"ன்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பார்த்தவங்க சொன்னா, அடுத்த பத்து நாள் அவங்களை யார் பார்த்துக்குவாங்க?

உங்க அனுபவம் இருந்தா கீழே சொல்லுங்க. ஊழியர் பேரோ மருத்துவமனை பேரோ வேண்டாம், என்ன நடந்ததுன்னு மட்டும் போதும்.